நாற்சார் வீடு வாங்க முதல் இஞ்சினியரைக் கொண்டு பாக்கத்தான் வேணுமோ?

முற்றத்துமல்லிகை
வணக்கம் எல்லாருக்கும். ஒரு விசயம் கேக்கோணும், கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ. யாழ்ப்பாணத்தில வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பழைய நாற்சார் வீடு, அதாவது நடுவில முற்றம் விட்டு நாலு பக்கமும் கட்டின வீடு, விலைக்கு வந்திருக்கு. 4 பரப்புக் காணி, நல்ல தண்ணிக் கிணறு, ரெண்டு கறுத்தக்கொழும்பான் மாமரம், முன்னுக்குச் சங்கடப்படலைகூட, அந்தக்காலத்துக் கூரை போட்ட படலை, இன்னும் நிக்குது. வீட்டுக்காரர் கனடாவில, இஞ்ச அவற்ற சித்தப்பாவின்ர மகன்தான் அற்றோணித் தத்துவம் (அவருக்காகக் கையெழுத்து வைக்கிற அதிகாரம்) வைச்சு விக்கிறார். நானும் இவரும் மூண்டுதரம் போய்ப் பாத்திட்டம். நடுமுற்றத்தில நிண்டு மேல வானத்தைப் பாக்க எனக்கு எங்கட அம்மம்மா வீடுதான் கண்ணுக்குள்ள வந்தது, அந்த வீட்டை 90இல விட்டுட்டு வந்தனாங்கள், திரும்பிப் போகேக்க அத்திவாரம் மட்டும்தான் கிடந்தது. அதால இந்த வீட்டில எனக்குச் சரியான ஆசை.

நொத்தாரிசு உறுதியெல்லாம் பாத்து, காணிக் கந்தோரில தேடி, பங்குக்காரருக்கும் அறிவிச்சாச்சு. சேர்வயர் வந்து எல்லை அளந்து பிளான் கீறித் தந்திட்டார். லோனுக்காக வங்கி ஆக்களும் வலுவேஷனுக்கு வந்து போட்டினம். இப்ப தம்பி சொல்லுறான், வீட்டை ஒரு இஞ்சினியர் வந்து பாக்காமல் அட்வான்ஸ் குடுக்காதையக்கா எண்டு. மாமா சொல்லுறார் அந்தக்காலத்துக் கல்வீடு, பேரப்பிள்ளையளின்ர காலம் வரைக்கும் நிக்கும், என்னத்துக்கு வீண்செலவு எண்டு. ஆர் சொல்லுறது சரி?

சுன்னாகத்தான்
பிள்ளை, மாமா சொல்லுறதில பிழையில்லை. எங்கட அப்பு கட்டின வீடு, முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும், 87இலயும் 95இலயும் சுத்திவரச் ஷெல் விழுந்தும் நிண்டது. 95 ஐப்பசி இடம்பெயர்வில விட்டுட்டுப் போய் ஆறு மாதத்தால திரும்பி வரேக்க கதவு யன்னல்தான் இல்லை, சிவர் அப்பிடியே. இப்ப கட்டுற புளொக்கல் வீடுகள் பத்து வருசத்தில வெடிக்குது. பழசில நம்பிக்கை வையுங்கோ.

மேசன்வீட்டுப்பெடியன்
ஐயா சொல்லுறது சிவருக்குச் சரி, கூரைக்குச் சரிவராது. என்ர அப்பாவும் பெரியப்பாவும் மேசன்மார், நானும் பழைய வீட்டு வேலைதான் கூடச் செய்யிறனான், பாத்ததைச் சொல்லுறன். நாற்சார் வீட்டில சிவர் விழுந்ததை விடக் கூரை கீழ இறங்கினதைத்தான் கனக்கக் கண்டிருக்கிறன். காரணம் அந்த உள்மூலையள். நாலு பக்கக் கூரையும் முற்றத்துப் பக்கம் சரியுது, சந்திக்கிற நாலு மூலையிலயும் பீலி. முழு மழைத்தண்ணியும் அந்த நாலு பீலியாலதான் இறங்கோணும். பீலியில ஒரு சின்ன ஓட்டை, இல்லாட்டி ரெண்டு வருசம் வேப்பஞ்சருகு அள்ளாமல் விட்டாக் காணும், தண்ணி நேர கீழ இருக்கிற வளையில, அதாவது கூரையைத் தாங்குற மரத்தில, இறங்கும்.

பனை எண்டா உக்காது எண்டு எல்லாரும் நம்புறது. வைரம் பாய்ஞ்ச பனஞ்சலாகை வெளிச்சுத்து இரும்பு மாதிரித்தான், ஆனா நடுச்சோறு, அதாவது உள்பகுதி, மெத்து. நல்லாச் சீவாமல் சோறு மிச்சம் விட்ட சலாகையெண்டா கறையான் உள்ளுக்கால சாப்பிட்டுக்கொண்டு போகும், கீழ நிண்டு பாத்தா ஒரு குறையும் தெரியாது. சுத்தியல் பிடியால தட்டிக்கொண்டு போங்கோ, நல்ல மரம் கணீரெண்டும், கோறையானது டொக்கெண்டு கேக்கும். பிறகு ஒரு ஸ்குறூட்றைவரால வளையின்ர நுனியைக் குத்திப் பாருங்கோ. நடுவில குத்திப் பிரயோசனமில்லை, சிவருக்குள்ள போற நுனிதான் முதல் உக்கிறது, ஏனெண்டா சிவர் ஈரம், அங்க காத்துப் போறேல்ல. தீராந்தியும், அதாவது சிவருக்குச் சிவர் குறுக்கால போற மரமும், அப்பிடித்தான். எங்கட ஆக்கள் வெள்ளையடிக்கேக்க அந்த நுனியைச் சாந்து போட்டு மூடிவிடுவினம், அதைக் கொஞ்சம் கொத்தித் திறந்தாத்தான் உண்மை தெரியும்.

முற்றத்துமல்லிகை
கொத்தித் திறக்க வீட்டுக்காரர் விடுவாரோ தெரியேல்ல. வங்கியால வந்தவர் அரை மணித்தியாலம் நிண்டு சுத்திப் பாத்தவர்தானே, அது காணாதோ?

கட்டடக்காரன்
அக்கா, நான் சிவில் இஞ்சினியர், பழைய கட்டடத் திருத்தம்தான் இப்ப 14 வருசமாச் செய்யிறன். முதல் ஒண்டைப் பிரிச்சு விளங்கிக்கொள்ளுங்கோ, இதில எங்கட ஆக்கள் சரியாக் குழம்புறவை. சேர்வயர் அளந்தது காணி. அவருக்கும் சிவருக்கும் சம்மந்தமில்லை. வங்கியின்ர வலுவேஷன், நீங்கள் கடன் கட்டாட்டி காணியும் வீடும் என்ன விலைக்குப் போகும் எண்டு வங்கி தனக்குப் பாக்கிறது, அதில கூரைக்கு ஏணி வைக்கிறவர் ஆருமில்லை. எங்கட ஊரில காணி விலைதான் பெரிசு எண்டதால வீடு என்ன நிலையில இருந்தாலும் வலுவேஷன் வடிவா வரும். அப்ப நொத்தாரிசு, சேர்வயர், வங்கி எண்டு மூண்டு பேர் வேலை செய்தும் வீட்டை ஒருத்தரும் பாக்கேல்ல.

வீட்டைப் பாக்கிறதெண்டா இப்பிடி. முதல் வெடிப்புகள். மயிரளவு வெடிப்பு எல்லாப் பழைய பூச்சிலயும் இருக்கும், அதுக்குப் பயப்பிடத் தேவையில்லை. 5 மில்லிமீற்றருக்கு மேல, அதாவது ஒரு பென்சில் நுனி உள்ளுக்குப் போற அளவெண்டா நிண்டு யோசிக்கோணும். யன்னல் மூலையில இருந்து சரிவாப் போற வெடிப்பு மேல அகலம் கீழ ஒடுக்கமா இருந்தா அந்த மூலையின்ர அத்திவாரம் இறங்கியிருக்கலாம். கூரை வந்து குந்துற இடத்தில, சிவரின்ர தலையோட படுக்கையா ஓடுற வெடிப்பெண்டா அது வேற கதை: கூரை சிவரை வெளியால தள்ளுது. தீராந்தி எண்ட மரம் ரெண்டு சிவரையும் இழுத்துப் பிடிக்கத்தான் போட்டது, ஆரும் அறையை உயர்த்த எண்டோ ஃபேன் போட எண்டோ அதை அறுத்திருந்தா கைமரங்கள் மெல்ல மெல்ல விரியும். ஒரு தூக்குக்குண்டைக் கூரையடியில இருந்து விட்டுப் பாத்தாத் தெரிஞ்சிடும்.

சுன்னாகத்தான் ஐயா சொன்ன சிவர் கதையிலயும் ஒண்டு சேக்கோணும். எங்கட பழைய சிவர் எல்லாம் முழுக்கச் சுண்ணாம்புச் சாந்தில்லை. ரெண்டு பக்கமும் கல் அடுக்கி, நடுவில சின்னக்கல்லும் களிமண்ணும் போட்டு நிரப்பி, மேலால மட்டும் சுண்ணாம்பு பூசின சிவர்கள் கனக்க இருக்கு. கூரை நிக்கும் வரைக்கும் அது அசையாது. கூரை இல்லாமல் பத்து மாரி நனைஞ்சுதெண்டா, மேலால இறங்கிற தண்ணி களிமண்ணைக் கழுவிக்கொண்டு போயிடும், ரெண்டு தோலும் நிக்கும், நடுவில ஒண்டுமிராது. ஆமியின்ர உயர்பாதுகாப்பு வலயத்துக்குள்ள கிடந்து பேந்து விடுபட்ட வீடுகளில நான் இதைத்தான் கூடக் கண்டது. அதோட ஆல், அரசு முளைச்ச வேர். அதால வீட்டுக்காரரிட்டக் கேக்கவேண்டிய முதல் கேள்வி, இந்த வீடு எந்த வருசத்தில இருந்து எந்த வருசம் வரைக்கும் ஓடில்லாமல் நிண்டது எண்டுதான்.

ஹரோவிலஇருந்து
நான் லண்டன்ல 20 வருசமா இருக்கிறன், இஞ்ச பழைய வீடு ரெண்டு வாங்கினனான், அந்த அனுபவத்தை எழுதிறன், ஊருக்கு அப்பிடியே பொருந்தாது ஆனா சில விசயம் உதவும். இஞ்ச ஆர்ஐசிஎஸ் எண்ட அமைப்பில பதிஞ்ச சேர்வயர்மார்தான் பெரும்பாலும் வீட்டைப் பாக்கிறவை, அது 1868இல இருந்து இருக்கிற அமைப்பு. அவையிட்ட மூண்டு மட்டத்தில சேர்வே இருக்கு. லெவல் 2 சாதாரண வீடுகளுக்கு. லெவல் 3 எண்டது பழைய வீடு, கனக்க மாத்தின வீடு, பாதுகாக்கப்பட்ட வீடு மாதிரியானதுக்கு, சிவர் எப்பிடிக் கட்டினது, என்ன பிழை, ஏன் வந்தது, விட்டா என்னாகும் எண்டு விளங்கப்படுத்தி எழுதுவினம். கையெழுத்து மாற முதல் இதைச் செய்து, அதை வைச்சு விலை பேசுறதுதான் வழமை. வங்கியின்ர வலுவேஷன் இஞ்சயும் வேறதான், அதை நம்பி வாங்கிப் பிறகு அழுத ஆக்கள் எனக்குத் தெரிஞ்சே இருக்கினம்.

ஆனா லெவல் 3 கூட எல்லாத்தையும் திறந்து பாக்காது. காப்பெற் ஒட்டிக் கிடந்தா கிளப்ப மாட்டினம், பாரமான அலுமாரியை நகர்த்த மாட்டினம், வயரிங்கைச் சோதிக்க மாட்டினம், பார்வைக்குத் தெரியிறதை மட்டும் சொல்லுவினம். என்ர முதல் வீட்டில றிப்போட்டின்ர கடைசிப் பக்கத்தில பின் அறையின்ர நிலத்தடி பாக்கேல்ல எண்டு ஒரு வரி இருந்தது, நான் அதை வாசிச்சும் விட்டுட்டன், அங்கதான் மரம் முழுக்க உக்கிக் கிடந்தது. அதால ஊரில ஆரை வைச்சுப் பாத்தாலும், தான் பாக்காத இடம் எது எண்டு எழுத்தில தரச் சொல்லுங்கோ.

வேலணைஅக்கா
தங்கச்சி, நான் இந்தப் பிழையை விட்ட ஆள், அதால மனசு பொறுக்காமல் எழுதிறன். 2016இல தீவுப்பக்கம் ஒரு பழைய வீடு வாங்கினம். வெளியால புதுசாச் சீமெந்து பூசி, வெதர்ஷீல்ட் பெயின்ற் அடிச்சு, பாக்கக் கலியாண வீடு மாதிரி. தரகர் சொன்னார் உடன குடிபூரலாம் எண்டு. முதல் மாரியோட அடிச்சிவர் முழுக்க உப்புப் பூத்து, பெயின்ற் கொப்பளிச்சு, இடுப்பளவுக்கு ஈரம் ஏறிச்சு. மேசனைப் பிடிச்சுத் திரும்பவும் சீமெந்து பூசினம். அடுத்த மாரி நெஞ்சளவுக்கு ஏறிச்சு. பிள்ளைக்கு இழுப்பு வேற.

மற்றது, கிழக்கு அறையின்ர மூலை ஒவ்வொரு வருசமும் வெடிச்சு வெடிச்சுக்கொண்டே வந்தது. காரணம் தெரியேல்ல. ஒருநாள் பக்கத்து வீட்டு ஆச்சி சொல்லுறா, உதிலதானே பிள்ளை அவையின்ர பங்கர் இருந்தது எண்டு. 90களில ஷெல்லுக்குப் பதுங்கச் சிவரோட ஒட்டி வெட்டின பங்கர், பனங்குத்தி அடுக்கி மண்மூட்டை போட்டது, பேந்து குப்பையும் மண்ணும் போட்டு மூடியிருக்கினம். குத்தியள் உக்க உக்க நிலம் கீழ இறங்குது, சிவரும் கூட இறங்குது. ஒரு இஞ்சினியர் அண்டைக்கே வந்து ரெண்டு பேரிட்ட விசாரிச்சிருந்தா இதெல்லாம் வெளியில வந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரரிட்டக் கட்டாயம் கதையுங்கோ.

கட்டடக்காரன்
அக்கா எழுதினது மற்ற ஆக்களுக்கும் பெரிய உதவி. ஏன் அப்பிடி நடந்ததெண்டு சொல்லுறன். பழைய வீட்டு அத்திவாரத்தில ஈரம் மறிக்கிற படை ஒண்டும் இல்லை. நிலத்து ஈரம் கல்லுக்குள்ளால மேல ஏறும், சுண்ணாம்புப் பூச்சு அதை வெயில் காத்துக்கு வெளிய விட்டிடும், அதுதான் அந்த வீடுகள் மூச்சு விடுற முறை. ரெண்டு மூண்டு வருசத்துக்கு ஒருக்கா வெள்ளையடிச்சதும் அதுக்குத்தான். சீமெந்து பூசி மேல பிளாஸ்ரிக் பெயின்ற் அடிச்சா ஈரத்துக்கு வெளிய போக வழியில்லை, அப்ப அது இன்னும் உயர ஏறி வழி தேடும். உள்ளுக்குத் தரையில ரைல்ஸ் பதிச்சாலும் இதே கதை, நிலத்தால வெளியேறின ஈரமும் சிவருக்குத்தான் வரும். தீவுப்பகுதியில நிலத்தடித் தண்ணியே உவர், அந்த உப்பு பூச்சுக்குப் பின்னால பளிங்காகி ஊதி, கல்லின்ர முகத்தையே பொடியாக்கும். காங்கேசன்துறைச் சீமெந்து கையுக்கெட்டின காலத்தில இருந்து எங்கட ஆக்கள் நல்லதுக்கெண்டு நினைச்சுத்தான் இதைச் செய்து வந்தவை.

இன்னொண்டு, ஈரம் பாக்கிற மீற்றரைச் சிவரில குத்திச் சிவப்பு லைற் காட்டி ஆரும் பயப்பிடுத்தினா நம்பிப் போடாதேங்கோ. உப்புச் சிவரில மின்சாரம் லேசாப் பாயும், அதால காய்ஞ்ச சிவருக்கும் அது ஈரமெண்டுதான் காட்டும். சிவருக்கு மருந்து ஊசி போட்டு ஈரத்தை நிப்பாட்டுறம் எண்டு வாற ஆக்களிட்ட அந்த மீற்றர்தான் இருக்கும்.

மல்லிகை அக்காவுக்கு: இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்தில பதிஞ்ச சாட்டர்ட் இஞ்சினியர், அதுவும் பழைய கல்கட்டடத்தில வேலை செய்த ஆளாப் பாத்துப் பிடியுங்கோ. தரகர் காட்டுற ஆள் வேண்டாம், திருத்த வேலையைத் தானே எடுக்கப்போற கொந்துறாத்துக்காரரும் வேண்டாம். மற்றது அட்வான்ஸ் விசயம். எங்கட நாட்டில காணி விக்கிற உடன்படிக்கை நொத்தாரிசு முன்னால எழுதினாத்தான் செல்லும், அது 1840ஆம் ஆண்டு மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தில இருந்து வாறது. அதால, இஞ்சினியற்ற றிப்போட் சரிவராட்டி அட்வான்ஸ் திருப்பித் தரவேணும் எண்டு வாயால பேசிப் பிரயோசனமில்லை, அந்த வரியை உடன்படிக்கைக்குள்ளயே போடச் சொல்லுங்கோ. முடிஞ்சா அட்வான்ஸ்க்கு முதலே பாத்து முடியுங்கோ.

சுன்னாகத்தான்
தம்பி சொன்னது எனக்கே இப்பத்தான் விளங்குது. எங்கட வீட்டுச் சாமியறைச் சிவர் இதே மாதிரி உதிருது, நானும் போன வருசம் சீமெந்துதான் பூசினனான். அதை உரிக்கலாமோ?

மேசன்வீட்டுப்பெடியன்
உரிக்கலாம் ஐயா, ஆனா கம்பிறெசர் வைச்சு அடிக்க விடாதேங்கோ, கல்லும் கூட வரும். சின்ன உளியால மெல்லமா. உரிச்சுப்போட்டு உடன பூசாமல் ஒரு கோடை காய விடுங்கோ. பிறகு நீறின சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவின மணல் மூண்டு பங்கு. சுண்ணாம்பைத் தண்ணியில ஊறப்போட்டு ஒரு மாதமாவது கிடக்க விடோணும், அந்தப் பொறுமைதான் இப்ப ஒருத்தரிட்டயும் இல்லை. பூசினாப்பிறகு ஈரச்சாக்குப் போட்டுக் காக்கோணும், சுடுவெயிலில பூசினா உதிர்ந்திடும். இந்த வேலை தெரிஞ்ச கிழவர்மார் ஊருக்கு ஒண்டு ரெண்டு பேர்தான் மிச்சம், கிடைச்சா விடாதேங்கோ.

முற்றத்துமல்லிகை
எல்லாருக்கும் பெரிய நன்றி. ரெண்டு கிழமை எழுதேல்ல, ஏனெண்டா இஞ்சினியரைக் கூட்டிக்கொண்டு போனனாங்கள். வீட்டுக்காரரோட நானே வாட்ஸ்அப்பில கதைச்சனான், நல்ல மனுசன், தான் பிறந்த வீடு, ஆரும் இடிச்சுப்போட்டுக் கடை கட்டாமல் இருந்தாக் காணும், என்ன வேணுமெண்டாலும் திறந்து பாருங்கோ எண்டார். அவரிட்டக் கேட்டுத்தான் அறிஞ்சது, 90களின்ர நடுப்பகுதியில இருந்து ஒரு ஏழு வருசம் தெற்குப் பக்கத்துக்கு மட்டும் ஓடில்லை.

இஞ்சினியர் காலம்பற எட்டுக்கு வந்து பின்னேரம் மூண்டு வரைக்கும் நிண்டவர். கூரைக்கு மேல ஏறிப் பாத்தார், கிணத்துக்க லைற் அடிச்சுப் பாத்தார், மலசலகூடக் குழிக்கும் கிணத்துக்கும் எவ்வளவு தூரமெண்டு அளந்தார், தண்ணியில நைத்திரேற்று இருக்கோ எண்டு சோதிக்கக் குடுக்கச் சொன்னார். எங்கட சுண்ணாம்புக்கல் நிலத்துக்க தண்ணி வடிகட்டுப்படாமல் நேர ஓடுமாம், அதால குழியில இருக்கிறது கிணத்துக்கு வர வலு சுகமாம். நான் கிணத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை, தண்ணி இனிப்பு எண்டதோட நிண்டிட்டன்.

றிப்போட் 31 பக்கம், படங்களோட. சுருக்கி எழுதிறன். மேற்கும் வடக்கும் சிவர் நல்லம், தூக்குக்குண்டுக்கு நேரா நிக்குது. தெற்குச் சிவர் தட்டக் கோறைச் சத்தம், களிமண் கழுவுப்பட்டிருக்கலாம், சுண்ணாம்புக் கூழ் உள்ளுக்கு விட்டு நிரப்போணும். தென்கிழக்கு உள்மூலைப் பீலி போயிட்டுது, கீழ வளை ரெண்டு மாத்தோணும். ஓடு கனக்கக் கள்ளிக்கோட்டை ஓடு, திரும்பப் பாவிக்கலாமாம். பின்பக்கம் 70களில இணைச்ச கொங்கிறீட் பிளாட்டும் (தட்டைக் கூரை) குசினியும்தான் சரியான மோசம், கம்பி துருப்பிடிச்சு அடியால கொங்கிறீட் கட்டி கட்டியா விழுது, கடல்மணல் போட்டுக் கட்டினதா இருக்கலாமெண்டு உப்புச் சோதனைக்குத் துண்டு எடுத்திருக்கிறார். அதுதான் வீட்டிலயே புதுப்பகுதி, நான் நம்பி இருந்தது அதைத்தான்.

நான் கனவிலயும் நினையாதது ஒண்டு. றோட்டு. தார்க் காப்பெற் போட்டுப் போட்டு றோட்டு உயர்ந்து இப்ப வளவு றோட்டை விட ஒண்டரை அடி பள்ளம். முற்றத்துத் தண்ணி வெளியேறுற தூம்பு முன்பக்கம் றோட்டு வாய்க்காலுக்குத்தான் போனது, இப்ப அது எதிர்ப்பக்கம் வருமாம். பெருமழைக்கு முற்றம் குளமாகும். 2008 நிஷா புயல் மழைக்கு விறாந்தையில முழங்கால் தண்ணி நிண்டதெண்டு பக்கத்து வீட்டு ஐயா சிவரில தண்ணி நிண்ட அடையாளத்தையே காட்டினார்.

ஹரோவிலஇருந்து
பாக்காத இடம் எழுதித் தந்தவரோ?

முற்றத்துமல்லிகை
ஓம் அண்ணை, நீங்கள் சொன்னபடி கேட்டனான். வடக்குப் பக்கத் தீராந்தியின்ர ரெண்டு நுனி, அது சாந்தால மூடியிருக்கு. சாமியறைப் பலகை முகட்டுக்கு மேல. கிணத்தின்ர தண்ணிக்குக் கீழ. மூண்டும் எழுதியிருக்கு.

வேலணைஅக்கா
அப்ப என்ன முடிவு தங்கச்சி? விடப்போறியளோ?

முற்றத்துமல்லிகை
விட மனமில்லை அக்கா, ஆனா கண்ணை மூடிக்கொண்டும் வாங்கேல்ல. இஞ்சினியர் ரெண்டு தொகை எழுதித் தந்தவர், உடன செய்யவேண்டியது, அஞ்சு வருசத்துக்க செய்யவேண்டியது. உடன செய்யிறதின்ர காசை விலையில குறைக்கச் சொல்லிக் கேட்டம், வீட்டுக்காரர் றிப்போட்டை வாசிச்சுப்போட்டு முக்கால்வாசிக்கு ஓம் எண்டிட்டார். பின் பிளாட்டை இடிச்சு அந்த இடத்தில ஓட்டுக் கூரையா ஒரு குசினி போடுறதெண்டு யோசிக்கிறம். இஞ்சினியருக்குக் குடுத்த காசு வீட்டு விலையில நூறில ஒரு பங்குகூட வரேல்ல, மாமாவுக்கு அதைக் கணக்குப் போட்டுக் காட்டினாப்பிறகு அவர் தானாவே தன்ர கூட்டாளிக்கு இஞ்சினியற்ற நம்பர் குடுத்திருக்கிறார்.

கட்டடக்காரன்
நல்ல விசயம் அக்கா. தெற்குச் சிவர் வெடிப்பில இப்பவே பென்சிலால ரெண்டு நுனியிலயும் குறி வைச்சுத் திகதி எழுதுங்கோ, குறுக்கால ஒரு சின்னக் கண்ணாடித் துண்டைச் சாந்து வைச்சு ஒட்டி விடுங்கோ. சிவர் இன்னும் அசையுதெண்டா கண்ணாடி வெடிக்கும். கார்த்திகை மழை முடியும் வரைக்கும் பாத்துப்போட்டுக் கூழ் விடலாம். நூறு வருசம் தாண்டின வீடெண்டா தொல்லியல் திணைக்களத்திலயும் ஒருக்கா விசாரிச்சு வையுங்கோ, பதிவில இருந்தா இடிக்கிறது மாத்திறதுக்கு அவையிட்டக் கேக்கவேண்டி வரும். வடக்குத் தீராந்தியை மட்டும் உறுதி எழுத முதல் திறந்து பாத்திடுங்கோ.

மேசன்வீட்டுப்பெடியன்
தீராந்தி திறக்கிறதெண்டா கீழ ஒரு முட்டுக் குடுத்துப்போட்டுக் கொத்துங்கோ அக்கா, சும்மா கொத்தப்படாது. சங்கானையில எனக்குத் தெரிஞ்ச ஓடாவியார் (தச்சுவேலை செய்யிறவர்) ஒராள் இருக்கிறார், 70 வயசு தாண்டிட்டுது, பனை மரத்தைத் தொட்டுப் பாத்தே வயசு சொல்லுவார். தனிமடலில விபரம் அனுப்பிறன்.

முற்றத்துமல்லிகை
கிடைச்சுது தம்பி, ஓடாவியாரோட கதைச்சாச்சு. ஞாயிறு காலம்பற வாறனெண்டார், முட்டுக் குடுக்க ரெண்டு பனங்குத்தி பாத்து வைக்கச் சொன்னவர். கண்ணாடித் துண்டு நேற்றே ஒட்டியாச்சு, நாலு இடத்தில, திகதியும் எழுதினம். தீராந்தியைத் திறந்த உடன படம் எடுத்து இதிலயே போடுறன்.